சாட் ஏரி: மீட்க வேண்டியது நீரை மட்டுமா?

(தொலைக்காட்சிக் கருத்தரங்கம் ஒன்றில் நிகழ்ச்சிப் படைப்பாளர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்றைய கருத்தரங்கில் எனக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் தலைப்பு, ஆப்பிரிக்காவின் சாட் ஏரியைப் பற்றியது. பல நாடுகளுக்குப் பொதுவான அந்த ஏரி சுருங்கிவிட்டது. அதை மீட்க முடியுமா என்பதுதான் கேள்வி. இந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்கு முன்னால், மீட்பது என்றால் எதை மீட்பது என்பதை நாம் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். அந்தத் தெளிவு இல்லாமல்தான் கடந்த நாற்பது ஆண்டுகளாகப் பல திட்டங்கள் பேசப்பட்டு வருகின்றன.

உங்களில் பலர் அந்த இரண்டு படங்களைப் பார்த்திருப்பீர்கள். 1960-களில் விண்வெளியிலிருந்து எடுத்த படத்தில், சஹாரா பாலைவனத்தின் தென் விளிம்பில் ஒரு நீலக் கடல் போல ஏரி விரிந்து கிடக்கிறது. அப்போது அதன் பரப்பளவு ஏறக்குறைய 25,000 சதுர கிலோமீட்டர். நம்முடைய பேராக் மாநிலம் முழுவதையும் உள்ளே வைத்தாலும் இடம் மிச்சமிருக்கும். அடுத்த படம் இருபது, முப்பது ஆண்டுகள் கழித்து எடுத்தது. அதில் ஏரியின் தென் பகுதியில் ஒரு சிறு நீர்த்திட்டு மட்டும் தெரிகிறது. 90 விழுக்காடு காணாமல் போய்விட்டது என்று படத்தின் கீழே எழுதியிருக்கும்.

இரண்டு படங்களையும் அருகருகே வைத்துவிட்டால் போதும், பார்ப்பவர் மனம் பதறும். ஊடகத் துறையில் இருக்கும் எங்களுக்கு இதைவிட எளிதான காட்சி கிடையாது. ஆனால் அந்த இரண்டு படங்களுக்கு முன்னால் என்ன நடந்தது, பின்னால் என்ன நடந்தது என்பதை அவை சொல்வதில்லை. அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன்.

ஆழமில்லாத பெருங்கடல்

சாட், கமரூன், நைஜர், நைஜீரியா ஆகிய நான்கு நாடுகள் சந்திக்கும் இடத்தில் இந்த ஏரி இருக்கிறது. இதற்கு வேண்டிய நீரில் ஏறக்குறைய 90 விழுக்காட்டுக்கும் மேல் சாரி, லோகோன் என்ற இரண்டு ஆறுகளிலிருந்து வருகிறது. அந்த ஆறுகள் தெற்கே மழை பெய்யும் மேட்டு நிலங்களில் பிறந்து, சாட் நாட்டின் தலைநகரமான இன்ஜமேனாவில் ஒன்று சேர்ந்து, பிறகு ஏரியில் விழுகின்றன. சாரி ஆற்றின் பிறப்பிடம் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு. நைஜீரியா, நைஜர் பக்கமிருந்து கொமாடுகு யோபே என்ற ஆறு கொஞ்சம் நீரைக் கொண்டுவருகிறது. ஏரியின் மீது பெய்யும் மழையோ மிகச் சொற்பம்.

இந்த ஏரியிலிருந்து எந்த ஆறும் கடலுக்குப் போவதில்லை. வரும் நீரில் பெரும்பகுதி வெயிலில் ஆவியாகிறது. ஓராண்டில் ஏறக்குறைய இரண்டு மீட்டர் உயரத்துக்கு நீர் ஆவியாகிவிடுகிறது என்றால், அங்குள்ள வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். கடலுக்கு வழியில்லாத ஏரிகள் பொதுவாக உப்பேறிப் போகும். சாட் ஏரி மட்டும் நன்னீராகவே இருக்கிறது. காரணம், நீரின் ஒரு பகுதி உப்பையும் எடுத்துக்கொண்டு நிலத்தடிக்குள் இறங்கிவிடுகிறது.

ஏரி நிறைந்து கிடந்த 1960-களிலேயே அதன் சராசரி ஆழம் நான்கு மீட்டர் அளவுதான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பழமொழி. இந்த ஏரியைப் பற்றிப் பேசுகிறவர்களுக்கு அது மிகவும் பொருந்தும். ஒரு தாம்பாளத்தில் நீர் ஊற்றியது போல அது பரந்து கிடக்கிறது. நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கரை பல கிலோமீட்டர் பின்வாங்கும். ஒரு மீட்டர் ஏறினால் பல கிலோமீட்டர் முன்னேறும். பெருகுவதும் சுருங்குவதும் இந்த ஏரியின் இயல்பு. ஏறக்குறைய 6,000 ஆண்டுகளுக்கு முன்னால் இதே இடத்தில் 3,50,000 சதுர கிலோமீட்டருக்குக் குறையாத ஒரு மாபெரும் ஏரி இருந்தது என்று புவியியலாளர்கள் கண்டறிந்திருக்கிறார்கள். அதே சமயத்தில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஏரி ஒருமுறை வெகுவாகச் சுருங்கியிருக்கிறது.

அப்படியானால் முதல் படத்தில் நாம் பார்க்கும் அந்த நீலக் கடல் எது? 1950-களும் 1960-களும் அந்த வட்டாரத்தில் நல்ல மழை பெய்த காலம். நூற்றாண்டிலேயே ஏரி மிக உயர்ந்து நின்ற ஆண்டுகளில் எடுத்த படத்தைத்தான் நாம் வழக்கமான நிலை என்று எண்ணிக்கொண்டிருக்கிறோம்.

வறட்சியும் மனிதனும்

பிறகு வறட்சி வந்தது. 1972, 1973ஆம் ஆண்டுகளில் சஹாராவின் தெற்கே உள்ள சாஹேல் வட்டாரம் முழுவதும் மழை பொய்த்தது. ஏரியின் நடுவே மேடாக இருந்த பகுதி வெளியே தெரிந்தது. ஏரி வடக்கு, தெற்கு என்று இரண்டு குளங்களாகப் பிரிந்தது. மத்தியில் நாணலும் கோரையும் மண்டி, ஒரு தடுப்புச் சுவர் போல நின்றுவிட்டது. சாரி ஆறு தெற்குக் குளத்தில்தான் விழுகிறது. தெற்குக் குளம் நிறைந்து வழிந்தால்தான் வடக்குக்கு நீர் போகும். 1983, 1984ஆம் ஆண்டுகளில் இரண்டாவது பெரும் வறட்சி வந்தபோது வடக்குக் குளம் முற்றிலும் வறண்டது. நைஜீரியாவின் எல்லைக்குள் ஏரி நீரே இல்லாத நிலை ஏற்பட்டது.

மனிதனுக்கு இதில் பங்கு இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. 1974ஆம் ஆண்டு நைஜீரியாவின் கானோ வட்டாரத்தில் டிகா அணை கட்டப்பட்டது. 1979ஆம் ஆண்டு கமரூனில், லோகோன் ஆற்றின் வெள்ளச் சமவெளியில், நெல் பயிரிடுவதற்காக மாகா அணை கட்டப்பட்டது. இவை ஆறுகளின் இயல்பான வெள்ளத்தைத் தடுத்தன. ஆயினும் 1970-களிலும் 1980-களிலும் ஏரி சுருங்கியதற்கு முதன்மைக் காரணம் மழை குறைந்ததுதான் என்று பிற்கால ஆய்வுகள் காட்டுகின்றன. சாரி ஆற்றில் வரும் நீர் அந்தக் காலத்தில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. பாதி நீர் வரும் தட்டையான ஏரி எப்படி நிறையும்?

இந்த இடத்தில் ஓர் அரசாங்கத் திட்டத்தின் கதையைச் சொல்லியாக வேண்டும். நைஜீரியா தன் வடகிழக்கு மூலையில், போர்னோ மாநிலத்தில், தென் சாட் பாசனத் திட்டம் என்ற பெயரில் ஒரு பெரிய திட்டத்தைத் தொடங்கியது. 67,000 ஹெக்டர் நிலத்துக்கு ஏரி நீரைப் பாய்ச்ச வேண்டும் என்பது நோக்கம். கால்வாய்கள் வெட்டப்பட்டன. பெரிய நீரேற்று நிலையம் கட்டப்பட்டது. நல்ல மழைக் காலத்து ஏரியை மனத்தில் வைத்து வரைந்த திட்டம் அது. எல்லாம் ஆயத்தமான நேரத்தில் ஏரி பின்வாங்கிவிட்டது. நீரை உறிஞ்ச வேண்டிய இயந்திரங்கள் நின்றன, கால்வாய்கள் காய்ந்தன. குறிவைத்த 67,000 ஹெக்டரில் முழுமையாகப் பயிர் செய்யும் நாள் வரவே இல்லை.

காய்ந்த ஏரிப் படுகையில் இன்னொன்று பரவியது. மணலைத் தடுக்கவும் விறகுக்காகவும் கொண்டுவந்து நட்ட புரோசோபிஸ் மரம்தான் அது. தமிழ்நாட்டில் அதைச் சீமைக் கருவேலம் என்பார்கள். ஒருமுறை வேரூன்றினால் அகற்றுவது எவ்வளவு கடினம் என்று அங்குள்ள விவசாயிகளைக் கேட்டால் சொல்வார்கள். வடக்குக் குளத்தின் காய்ந்த மண்ணையும் அது பிடித்துக்கொண்டது.

நீரைத் தொடர்ந்து நடந்த மக்கள்

ஏரி சுருங்கியபோது அதை நம்பியிருந்த மக்கள் என்ன செய்தார்கள்? அவர்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை.

ஏரியின் தீவுகளில் புதுமா என்ற இனத்தார் தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். அவர்கள் வளர்க்கும் குரி என்ற மாட்டினம் உலகில் வேறெங்கும் இவ்வளவு இயல்பாக வாழ்வதில்லை. அதன் கொம்புகள் அடியில் பருத்துக் குடுவை போல இருக்கும். ஒரு தீவில் புல் தீர்ந்தால் அந்த மாடுகள் நீந்தி அடுத்த தீவுக்குப் போகும். சாட் நாட்டுக் கரையில் கனெம்புப் பெண்கள், சிறு குட்டைகளில் படரும் நீலப்பச்சைப் பாசியை அள்ளி, மணலில் ஊற்றிக் காயவைத்து, வில்லைகளாக வெட்டிச் சந்தையில் விற்கிறார்கள். அதன் பெயர் டிஹே. நம் ஊர் மருந்துக் கடைகளில் ஸ்பிருலினா என்று மாத்திரையாக விற்கிறார்களே, அதேதான். அவர்கள் வீட்டில் அது குழம்பு.

நீர் வடிந்த இடத்தில் ஈரமும் வண்டலும் இருக்கும். அங்கே மக்காச்சோளம், சோளம், காராமணி, காய்கறிகள் விளைந்தன. நீர் பின்வாங்கப் பின்வாங்க விவசாயிகள் அதன் பின்னாலேயே போய் விதைத்தார்கள். மீனவர்களும் நீரைத் தொடர்ந்து போனார்கள். பிடித்த மீனைப் புகையில் வாட்டி நைஜீரியாவின் தென் பகுதி நகரங்கள் வரை அனுப்பினார்கள். ஏரிக்கு அப்பால் நெடுந்தொலைவில் இருக்கும் நகரங்களும் அந்த மீனையும் தானியத்தையும் ஆட்டையும் மாட்டையும் வாங்கி உண்கின்றன.

நீரைத் தொடர்ந்து நடந்தவர்கள் தங்களை அறியாமலேயே ஓர் எல்லையைக் கடந்துவிட்டார்கள். நைஜீரியாவிலிருந்து வந்த மீனவர்கள் காய்ந்த ஏரிப் படுகையில் டாராக் முதலிய ஊர்களை அமைத்தார்கள். அவர்களுக்குப் பின்னால் நைஜீரியாவின் பள்ளியும் மருந்தகமும் நிர்வாகமும் வந்தன. ஆனால் வரைபடத்தின்படி அது கமரூனின் நிலம். 1994ஆம் ஆண்டு கமரூன் அனைத்துலக நீதிமன்றத்துக்குப் போனது. பகாசி தீபகற்ப வழக்கு என்று பெயர் பெற்ற அந்த வழக்கில் சாட் ஏரி எல்லையும் அடங்கியிருந்தது. 2002ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தீர்ப்பு வந்தது. 1930-களில் பிரிட்டனும் பிரான்சும் ஒப்புக்கொண்ட கோடுதான் எல்லை என்று நீதிமன்றம் சொன்னது. 2003ஆம் ஆண்டு இறுதியில் நைஜீரியா 33 கிராமங்களைவிட்டு வெளியேறியது. இரு நாடுகளும் போருக்குப் போகாமல் தீர்ப்பை ஏற்றுக்கொண்டது பாராட்டத்தக்கது. இருந்தாலும் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நீர் நகர்கிறது, மீன் நகர்கிறது, மனிதனும் நகர்கிறான். கோடு மட்டும் நகர்வதில்லை.

சொல்லப்படாத செய்தி

இப்போது பலர் அறியாத ஒரு செய்திக்கு வருகிறேன். 1990-களிலிருந்து அந்த வட்டாரத்தில் மழை ஓரளவு திரும்பியது. ஏரியும் ஓரளவு திரும்பியது. தெற்குக் குளம் பெரும்பாலும் நிலையாக இருக்கிறது. வடக்குக் குளத்தில் சில ஆண்டுகள் நீர் வருகிறது, சில ஆண்டுகள் குறைகிறது. நாணலும் நீர்ச்செடிகளும் மேலே மூடியிருப்பதால் துணைக்கோளப் படத்தில் நீர் தெரிவதில்லை. செடிகளுக்கு அடியில் இருக்கும் நீரையும் சேர்த்துக் கணக்கிட்டால், 2010-களில் ஏரியின் பரப்பு ஏறக்குறைய 14,000 சதுர கிலோமீட்டர் என்று ஆய்வாளர்கள் மதிப்பிட்டார்கள். 1960-களின் ஏரி அல்ல, உண்மைதான். ஆனால் காணாமற்போன ஏரியும் அல்ல.

சொல்லப்போனால் அண்மைய ஆண்டுகளில் வெள்ளமும் அங்கே பெரிய துன்பமாகிவிட்டது. 2022ஆம் ஆண்டு இன்ஜமேனா நகரின் பல பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கின. 2024ஆம் ஆண்டு சாட் நாட்டின் எல்லா மாநிலங்களும் வெள்ளத்தால் பாதிக்கப்பட்டன. அதே ஆண்டு செப்டம்பர் மாதத்தில் நைஜீரியாவின் மைடுகுரி நகருக்கு அருகே இருக்கும் அலாவ் அணை உடைந்து, நகரின் பெரும்பகுதி நீருக்குள் போனது. ஏற்கெனவே போரால் ஊரைவிட்டு ஓடிவந்து அந்த நகரில் தஞ்சமடைந்திருந்தவர்கள் மறுபடியும் ஓட வேண்டியதாயிற்று.

ஏரி செத்துவிட்டது என்று உலகம் பேசிக்கொண்டிருக்கும்போது அங்குள்ள மக்கள் வெள்ளத்தில் நிற்கிறார்கள். நோய் என்னவென்று சரியாகக் கண்டறியாவிட்டால் மருந்தும் தவறாகத்தானே போகும்?

2,400 கிலோமீட்டர் கனவு

அந்த மருந்துகளில் மிகப் பெரியது ஒன்று உண்டு. காங்கோ ஆற்றுப் படுகையிலிருந்து சாட் ஏரிக்கு ஒரு கால்வாய் வெட்ட வேண்டும் என்பது அது. டிரான்சாக்குவா என்று பெயர். போனிஃபிகா என்ற இத்தாலிய நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே இந்த யோசனையை முன்வைத்தது. காங்கோவின் வலக்கரைத் துணை ஆறுகளில் அணைகள் கட்டி, ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர் நீளக் கால்வாய் வழியாக, ஆண்டுக்கு 50 பில்லியன் கன மீட்டர் வரை நீரைக் கொண்டுவருவது திட்டம். உபாங்கி ஆற்றிலிருந்து நீரை ஏற்றி அனுப்பும் சற்றுச் சிறிய திட்டம் ஒன்றும் ஆராயப்பட்டது. 2018ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் நைஜீரியாவின் அபுஜா நகரில் அனைத்துலக மாநாடு கூடியது. ஏரியைக் காக்க வெளியிலிருந்து நீர் கொண்டுவருவது தவிர்க்க முடியாதது என்று அந்த மாநாடு அறிவித்தது. செலவு 50 பில்லியன் அமெரிக்க டாலர் என்று பேசப்பட்டது. இன்றுவரை ஒரு மீட்டர் கால்வாய்கூடத் தோண்டப்படவில்லை.

இந்தத் திட்டத்தை ஆதரிப்பவர்கள் சொல்வதில் நியாயம் இல்லாமல் இல்லை. காங்கோ ஆறு ஆண்டுக்கு ஏறக்குறைய 1,200 பில்லியன் கன மீட்டர் நீரைக் கடலில் கொட்டுகிறது. அதில் நூற்றுக்கு நான்கு பங்கை எடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று கேட்கிறார்கள். வழியில் மின்சாரம் தயாரிக்கலாம், படகு விடலாம், பாசனம் செய்யலாம் என்கிறார்கள். ஆப்பிரிக்கா பெரிய கனவு காணக் கூடாதா என்றும் கேட்கிறார்கள். காணலாம். அதைத் தடுக்க நாம் யார்?

ஆனால் மூன்று கேள்விகளுக்குப் பதில் வேண்டும்.

முதல் கேள்வி, நீரைக் கொடுப்பவர் சம்மதம். காங்கோ ஜனநாயகக் குடியரசு சாட் ஏரி ஆணையத்தின் முழு உறுப்பினர் அல்ல. அதன் மழைக்காடுகளும், அதன் ஆற்றை நம்பி வாழும் மக்களும் இதற்கு என்ன விலை கொடுப்பார்கள் என்பது தீரவில்லை.

இரண்டாவது கேள்வி, காலம். இப்படிப்பட்ட கால்வாயை வெட்டி முடிக்கப் பல பத்தாண்டுகள் ஆகும். இன்று பசியோடு இருக்கும் குழந்தை அதுவரை காத்திருக்குமா?

மூன்றாவது கேள்விதான் மிகவும் முக்கியமானது. ஏரியை 1963ஆம் ஆண்டின் அளவுக்கு நிரப்பிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். ஐம்பது ஆண்டுகளாக ஏரிப் படுகையில் குடியேறி, வீடு கட்டி, விதைத்து அறுத்துக்கொண்டிருக்கும் மக்கள் எங்கே போவார்கள்? டாராக் போன்ற ஊர்கள் நீருக்கு அடியில் போகும். வட்டாரத்துக்கே உணவு கொடுக்கும் வண்டல் நிலம் மூழ்கும். பழைய ஏரியை மீட்கிறோம் என்று இன்றைய ஏரியின் மக்களை மூழ்கடிப்பது மீட்பு ஆகுமா?

சிறிதாகத் திறந்த ஒரு வழி

அப்படியென்றால் ஒன்றுமே செய்ய முடியாதா என்று நீங்கள் கேட்கலாம். செய்ய முடியும். செய்தும் காட்டியிருக்கிறார்கள்.

சற்று முன் கமரூனின் மாகா அணையைச் சொன்னேன். அந்த அணையும் அதோடு எழுப்பிய கரைகளும் லோகோன் ஆற்றின் வெள்ளத்தை மறித்ததால், வாசா என்ற வனவிலங்குப் பூங்காவும் அதைச் சுற்றிய சமவெளியும் காய்ந்தன. வெள்ளம் வந்தால்தான் அங்கே புல் முளைக்கும், மீன் குஞ்சு பொரிக்கும். வெள்ளம் நின்றதும் மீனவர் வேறு ஊருக்குப் போனார், மேய்ப்பர் வேறு நிலம் தேடினார், மான்களின் எண்ணிக்கை சரிந்தது. அனைத்துலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியமும் கமரூன் அரசாங்கமும் சேர்ந்து, அந்த வட்டாரத்து மக்களிடம் கலந்து பேசின. பிறகு 1994ஆம் ஆண்டு, அடைபட்டுக் கிடந்த ஒரு சிறு நீர்வழியைத் திறந்துவிட்டார்கள். 1997ஆம் ஆண்டு இன்னொன்றைத் திறந்தார்கள். ஆற்றில் ஏற்கெனவே இருந்த வெள்ளம் பழைய வழியில் சமவெளிக்குப் பாய்ந்தது. சில ஆண்டுகளிலேயே பல்லாண்டுப் புற்கள் திரும்பின. மீன் திரும்பியது. மாட்டு மந்தைகளும் திரும்பின.

இதற்கு 50 பில்லியன் டாலர் தேவைப்படவில்லை. அணையை உடைக்கவும் இல்லை. நெல் வயலுக்கு வேண்டியது போக மீதியை ஆற்றுக்கே கொடுத்தார்கள், அவ்வளவுதான். என்னைப் பொறுத்தவரை சாட் ஏரி மீட்புக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது. ஏரிக்கு வரும் ஆறுகளைக் காத்தால் ஏரி தன்னைத்தானே காத்துக்கொள்ளும்.

நீர் இருந்தும் நெருங்க முடியாத கரை

ஆனால் ஆறுகளைத் திறந்துவிட்டால் மட்டும் எல்லாம் சரியாகிவிடாது. ஏரியில் நீர் இருக்கிறது, மீன் இருக்கிறது, மக்களால் அருகே போக முடியவில்லை என்றால் அதற்கு என்ன பெயர்?

போக்கோ ஹராம் என்ற ஆயுதக் குழு 2002ஆம் ஆண்டு வாக்கில் மைடுகுரி நகரில் உருவானது. 2009ஆம் ஆண்டு ஆயுதம் ஏந்தியது. ஏரி வற்றியதால்தான் பயங்கரவாதம் வந்தது என்று சிலர் சுருக்கமாகச் சொல்லிவிடுவார்கள். அது முழு உண்மை அல்ல. அந்தக் குழு ஏரிக்கரையில் பிறக்கவில்லை. வேலையில்லாமையும் ஊழலும் மதத் தீவிரவாதமும் கலந்த ஒரு நகரத்தில் பிறந்தது. இராணுவம் விரட்டியபோது ஏரிக்கு வந்தது. நாணல் காடும் நூற்றுக்கணக்கான தீவுகளும் ஒளிந்துகொள்ள வசதி. மீனுக்கும் மிளகாய்க்கும் மாட்டுக்கும் வரி வசூலிக்கலாம் என்பது இன்னொரு வசதி. ஏரி வறண்டதால் அல்ல, வளமாக இருந்ததால்தான் அங்கே வேரூன்றியது என்றுகூடச் சொல்லலாம்.

2015ஆம் ஆண்டு ஜனவரி மாதம் நைஜீரியாவின் பாகா என்ற மீன்பிடி நகரம் தாக்கப்பட்டது. வீடுகள் எரிந்தன, மக்கள் படகேறி ஓடினார்கள். அதே ஆண்டு நைஜர் அரசாங்கம் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தீவுகளிலிருந்த மக்களை வெளியேறும்படி உத்தரவிட்டது. டிஃபா வட்டாரத்தில் மீன் வணிகமும் சிவப்பு மிளகாய் வணிகமும் தடை செய்யப்பட்டன. குழுவுக்குப் பணம் போகக் கூடாது என்பது நோக்கம். ஆனால் அந்த மிளகாயை நம்பித்தான் டிஃபா விவசாயி தன் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினார். குழு ஒரு பக்கம் வரி கேட்கிறது, அரசாங்கம் மறுபக்கம் விற்காதே என்கிறது. இரண்டுக்கும் நடுவில் நசுங்கியவர் அந்த விவசாயி.

நான்கு நாடுகளிலும் சேர்த்து இரண்டு மில்லியனுக்கும் மேற்பட்டோர் இந்த மோதலால் வீடிழந்திருக்கிறார்கள். 2017ஆம் ஆண்டு மார்ச் மாதம் ஐநா பாதுகாப்பு மன்றம் தன் 2349ஆம் தீர்மானத்தில் இந்த வட்டாரத்தின் துயரத்தைப் பதிவு செய்தது. அதற்குப் பின்னும் தாக்குதல்கள் தொடர்ந்தன. 2020ஆம் ஆண்டு மார்ச்சில் போமா என்ற இடத்தில் சாட் நாட்டு வீரர்கள் 90க்கும் மேற்பட்டோர் ஒரே தாக்குதலில் உயிரிழந்தார்கள். 2024ஆம் ஆண்டு அக்டோபரில் மறுபடியும் ஏரித் தீவில் இருந்த இராணுவ முகாம் தாக்கப்பட்டது. நாடுகள் சேர்ந்து அமைத்த கூட்டுப் படையிலிருந்து 2025ஆம் ஆண்டு நைஜர் விலகிக்கொண்டது.

தேரை இழுக்கும் கைகள்

இவ்வளவுக்கும் நடுவில் ஓர் அமைப்பு இருக்கிறது. 1964ஆம் ஆண்டு நான்கு நாடுகளும் சேர்ந்து சாட் ஏரிப் படுகை ஆணையத்தை உருவாக்கின. காலனி ஆட்சியிலிருந்து விடுதலை பெற்று நான்கே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. மற்றவரைக் கலந்து பேசாமல் நீரைப் பாதிக்கும் பெரிய வேலைகளில் யாரும் இறங்கக் கூடாது என்று அப்போதே எழுதி வைத்தார்கள். சாரி ஆறு பிறக்கும் மத்திய ஆப்பிரிக்கக் குடியரசு 1990-களில்தான் சேர்ந்தது. லிபியா 2008ஆம் ஆண்டு சேர்ந்தது. 2012ஆம் ஆண்டு நீர் சாசனம் ஒன்றும் உருவானது. யார் எவ்வளவு நீர் எடுக்கலாம், ஆற்றில் எவ்வளவு ஓட விட வேண்டும் என்பதற்கு அது வழி வகுக்கிறது.

காகிதத்தில் எல்லாம் இருக்கிறது. ஊர் கூடித் தேர் இழுக்க வேண்டும் என்போம். இங்கே ஊரும் கூடியிருக்கிறது, தேரும் இருக்கிறது, வடத்தைப் பிடிப்பதில்தான் தயக்கம். ஏரி உயர்ந்திருந்த ஆண்டில் ஒவ்வொரு நாடும் தன் பங்கை எடுக்க விரைந்தது. தாழ்ந்த ஆண்டில் ஒவ்வொரு நாடும் அடுத்தவரைக் கைகாட்டியது.

நேயர்களே, தலைப்புக்கு நான் தரும் பதில் இதுதான். சாட் ஏரியை மீட்கலாம். ஆனால் மீட்க வேண்டியது 1963ஆம் ஆண்டின் படத்தை அல்ல. ஆறுகளின் இயல்பான வெள்ளத்தை மீட்க வேண்டும். காய்ந்த கால்வாய்க்குப் பதிலாக, ஏறி இறங்கும் நீரோடு சேர்ந்து விதைக்கத் தெரிந்த விவசாயியின் அறிவுக்கு மதிப்புக் கொடுக்க வேண்டும். நீரளவை நான்கு நாடுகளும் ஒன்றாக அளந்து, அந்தக் கணக்கை மக்களுக்குத் திறந்து காட்ட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, வலையை எடுத்துக்கொண்டு போகும் மீனவர் மாலையில் வீடு திரும்புவார் என்ற நம்பிக்கையை மீட்க வேண்டும். இவை நடந்த பிறகு பெரிய கால்வாய் தேவையா என்று நிதானமாகப் பேசலாம். இவை நடக்காமல் கால்வாய் வெட்டினால், அந்த நீரும் துப்பாக்கி ஏந்தியவன் கைக்குத்தான் போகும்.

ஏரியையும் அதன் படுகையையும் சார்ந்து ஏறக்குறைய முப்பது மில்லியன் மக்கள் வாழ்கிறார்கள். அடுத்த முறை தொலைக்காட்சியிலோ நாளிதழிலோ அந்த இரண்டு படங்களைப் பார்க்கும்போது, நீலம் எவ்வளவு குறைந்தது என்று மட்டும் பார்க்காதீர்கள். இரண்டாவது படத்தில் பழுப்பாகத் தெரியும் அந்த நிலத்தில் ஊர்கள் இருக்கின்றன, வயல்கள் இருக்கின்றன, சந்தைகள் இருக்கின்றன. அந்த மக்களையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள்.